விபத்தில் பிறக்கும் வீரர்கள்

தீப்பெட்டி, பட்டாசு, அச்சு ஆகிய மூன்றும் சிவகாசியின் தொழில்கள் என்பதை நம் மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளையும் ஒப்பிப்பான். முதலிரண்டின் நன்மை தீமைகளை நாம் பலமுறை விவாதித்திருக்கிறோம். மூன்றாவது தொழில் நம் பிள்ளைகளின் நெஞ்சில் எதை அச்சிட்டுச் சென்றது என்பதை மட்டும் ஆராயாமல் விட்டுவிட்டோம்.

1972ஆம் ஆண்டில் எம். சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. 1984இல் அவருடைய மகன் எஸ். விஜயனை ஆசிரியராகக் கொண்டு லயன் காமிக்ஸ் பிறந்தது. இங்கிலாந்தின் சிறுவர் வார இதழ்களில் கறுப்பு வெள்ளையில் வந்த கதைகள் சிவகாசி அச்சகங்களின் வழியே தமிழ் பேசின. அவற்றைப் போர்வைக்குள் ஒளித்துப் படித்த சிறுவர்கள் இன்று பேரப்பிள்ளை கண்டவர்கள். மாயாவியின் பெயரைச் சொன்னால் இன்றும் அவர்கள் முகம் மலர்கிறது.

சித்திரக்கதை படிக்கும் பிள்ளை கெட்டுப்போகும் என்று முழங்கும் கூட்டத்தில் நாம் இல்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தயங்கிய எத்தனையோ பிள்ளைகளைத் தடையின்றித் தமிழ் வாசிக்கச் செய்தவை இந்த இதழ்கள். நமது வழக்கு அக்கதைகளின் ஒரே ஓர் அத்தியாயத்தின் மீதுதான். சாதாரண மனிதன் மாவீரனாக மாறும் அந்த முதல் அத்தியாயம், அதாவது தோற்றக் கதை, ஒரு பொய்யைச் சொல்லுகிறது. வேறு மாவட்டங்களில் அது வெறும் கற்பனையாக இருந்துவிட்டுப் போகலாம். மருந்தும் திரியும் சோறு போடும் இந்த மண்ணில் அது அத்தனை எளிய பொய்யன்று.

ஒரே வார்ப்பு

அக்கதைகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். இங்கிலாந்தின் வேலியண்ட் இதழில் 1962இல் தொடங்கியது இரும்புக்கை மாயாவியின் கதை. லூயிஸ் கிராண்டேல் என்பவன் ஆய்வுக்கூட உதவியாளன். முன்பே ஒரு விபத்தில் வலக்கையை இழந்து உலோகக் கை பொருத்திக் கொண்டவன். மீண்டும் ஆய்வுக்கூடத்தில் ஒரு கருவி வெடிக்கிறது. உயர் அழுத்த மின்சாரம் அவன் உடலில் பாய்கிறது. இரும்புக்கை ஒன்றைத் தவிர உடல் முழுதும் கண்ணுக்குத் தெரியாமற் போகிறது. மாயாவி பிறந்துவிட்டான்.

கடல் கடந்து அமெரிக்காவுக்குச் சென்றாலும் இதே வார்ப்புதான். 1956இல் வந்த பிளாஷ் கதையில் ஆய்வுக்கூடத்து அலமாரியை மின்னல் தாக்குகிறது. இரசாயனங்கள் பாரி ஆலன் மீது கொட்டுகின்றன. அவனுக்கு மின்னல் வேகம் வாய்க்கிறது. 1961இல் நான்கு பேர் விண்வெளிக் கதிர்களில் நனைந்து அற்புத நால்வர் ஆகின்றனர். 1962இல் காமா குண்டு வெடித்து ஹல்க் பிறக்கிறான். அதே ஆண்டில் கதிரியக்கம் ஏறிய சிலந்தி கடித்து ஸ்பைடர்மேன் பிறக்கிறான். 1964இல் வண்டியிலிருந்து விழுந்த கதிரியக்கப் பொருள் ஒரு சிறுவனின் கண்களைப் பறித்து, ஏனைய புலன்களைக் கூராக்கி, டேர்டெவில் என்ற வீரனைத் தருகிறது.

வெடிப்பு, இரசாயனம், மின்னல், கதிர்: கருவி மாறுகிறது; கணக்கு மாறுவதில்லை. விபத்து உள்ளே செல்கிறது, வீரன் வெளியே வருகிறான்.

இவை வெளிவந்த காலத்தை மறக்கலாகாது. 1945இல் இரோசிமாவும் நாகசாகியும் எரிந்தன. 1954 மார்ச் முதல் நாள் பிகினித் தீவில் அமெரிக்கா நீரகக் குண்டைச் சோதித்தபோது, தொலைவில் மீன்பிடித்துக்கொண்டிருந்த ஒரு சப்பானியப் படகின் மீது வெண்ணிறச் சாம்பல் பொழிந்தது. படகில் இருந்தவர் 23 பேர். அவர்கள் கதிரியக்க நோயோடு கரை சேர்ந்தனர். படகின் வானொலி இயக்குநர் குபோயாமா ஐக்கிச்சி அவ்வாண்டு செப்டம்பரில் இறந்தார். கதிர் பட்ட மனிதன் என்ன ஆவான் என்பது உலகுக்குத் தெரிந்து பத்தாண்டு கூட ஆகாத நிலையில்தான், கதிர் பட்டவன் கட்டடங்களைத் தாண்டுவான் என்று சிறுவர்களுக்குக் கதை சொல்லப்பட்டது. அச்சத்திற்கு வண்ணம் பூசி வேடிக்கையாக்கினார்கள். அதைக் கற்பனையின் சுதந்திரம் என்று விட்டுவிடலாமா?

கேட்கப்படாத கேள்வி

இக்கதைகளில் ஒரு கேள்வி மட்டும் எழுவதே இல்லை: இந்த விபத்துக்கு யார் பொறுப்பு?

பழுதான கருவியை இயக்கச் சொன்னவர் யார்? இரசாயனக் குப்பிகளை அப்படி அடுக்கியவர் யார்? மாணவர்கள் வந்து பார்க்கும் அறிவியல் காட்சியில் சிலந்தி கதிருக்குள் இறங்கும்வரை கவனியாதிருந்தவர் யார்? விபத்து நிகழ்ந்த மறுகட்டத்திலேயே கதை வீரனின் பின்னால் ஓடிவிடுகிறது. விசாரணை இல்லை; அறிக்கை இல்லை; நிறுவனத்தின் பெயரும் நமக்கு நினைவில் நிற்பதில்லை. ஹல்க் கதையில் குற்றவாளி ஒருவன் உண்டு என்று வாசகர் சிலர் சொல்லக்கூடும். உண்மைதான், குண்டை நிறுத்தாமல் விட்ட அயல்நாட்டு ஒற்றன் அவன். ஒற்றன் அகப்பட்டான், சரி. அந்தக் குண்டை ஏன் செய்தீர்கள் என்று அரசை யார் கேட்டார்கள்?

இந்த மௌனம் நமக்குப் பழக்கமானதாகத் தோன்றவில்லையா? நம் மாவட்டத்தில் ஒவ்வொரு வெடிவிபத்துக்குப் பிறகும் நிகழ்வதை நினைத்துப் பாருங்கள். இரங்கல் செய்தி வரும், நிவாரணத் தொகை அறிவிக்கப்படும், உரிமம் தற்காலிகமாக நிறுத்தப்படும், சிலர் கைதாவர். காரணம் என்ன என்ற கேள்விக்கு முதலில் வரும் விடை 'உராய்வு' என்பது. அடுத்து வரும் விடை 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்பது. இறந்தவன் மறுத்துப் பேச வரமாட்டான் அல்லவா? ஓர் அறையில் இத்தனை பேர்தான் இருக்கலாம் என்று விதி சொல்லும்போது, கூடுதலாக ஆள்களை உட்கார வைத்தவர் யார்? ஒருவர் பெற்ற உரிமத்தில் உள்குத்தகைக்கு எடுத்தவர் வேலை நடத்தியதை அறிந்தும் அறியாதார் போலிருந்தவர் யார்? தீபாவளி நெருங்க நெருங்க, கலந்த மருந்தை மீதம் வைக்காதே என்ற விதியை மறக்கச் செய்தது எந்த அவசரம்? எண்ணிக்கைக்குக் கூலி என்ற ஏற்பாட்டில் கை வேகமாக ஓடித்தானே தீரும்? அந்த வேகத்திற்குக் கவனக்குறைவு என்று பெயரிடுவது நியாயமா?

கதையில் வரும் மின்னல் இங்கும் வருகிறது. இடி விழுந்து பட்டாசு அறைகள் வெடித்த செய்திகளை நாம் படித்திருக்கிறோம். அலமாரியிலிருந்த இரசாயனம் பாரி ஆலனுக்கு வேகத்தைத் தந்தது. நம் மக்களுக்கு அது சிவகாசி அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் ஒரு கட்டிலைத் தருகிறது. சிலருக்கு அதுவும் வாய்ப்பதில்லை. மாயாவியின் கை உலோகத்தால் ஆனது. அலுமினியப் பவுடரில் நாளெல்லாம் புழங்கும் நம் தொழிலாளியின் கையும் மாலையில் வெள்ளிபோல் மினுமினுக்கும். அந்தக் கையைக் கழுவிவிட்டுத்தான் அவர் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறார். சித்திரக்கதை வரையத் தகாத கையா அது?

1991இல் சிவகாசியை அடுத்த மீனம்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் இறந்தோர் 39 பேர் என்பது உச்ச நீதிமன்றத்தின் முன்னும் வைக்கப்பட்ட கணக்கு. அவர்களுள் குழந்தைகளும் இருந்தனர். 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நாற்பதை ஒட்டிய உயிர்கள் போயின. 2021 பிப்ரவரி 12ஆம் நாள் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். முதலிப்பட்டியில் இறந்தவர் பலர் அந்த ஆலையின் தொழிலாளரே அல்லர். முதல் வெடியோசை கேட்டு அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து ஓடிவந்தவர்கள். பார்க்க வந்தவரும் உண்டு, தூக்கிவிட வந்தவரும் உண்டு. அடுத்த வெடிப்பு அவர்களைத் தின்றது. ஆபத்தை நோக்கி ஓடுகிறவன்தான் வீரன் என்று சித்திரக்கதை சொல்லுமானால், அன்று ஓடியவர்கள் வீரர்களே. அவர்களுக்கு எந்தச் சக்தியும் கிடைக்கவில்லை. எந்தத் தோற்றக் கதையும் எழுதப்படவில்லை.

இரண்டு மறுப்புரைகள்

சிறுவர் கதைக்கு இத்தனை பெரிய வழக்கா என்று கேட்பார் உண்டு. சிறுவர் கதைதான் பெரியவர்களின் மொழியாகிறது என்பதே நம் விடை. விபத்தில் தப்பிய ஒருவரைக் காணும்போது, "இவரை வைத்து ஏதோ பெரிய நோக்கம் இருக்கிறது" என்கிறோம். அடக்கச் சடங்குகளில் சில சமயம், "இறைவன் தமக்கென்று தேர்ந்துகொண்டார்" என்ற பேச்சும் ஒலிக்கிறது. தேர்ந்துகொண்டவர் இறைவனா, அல்லது ஓர் அறையில் அளவுக்கு மீறி ஆள் சேர்த்தவரா? துயரத்தை ஒரு தேர்வாகவும் வரமாகவும் மாற்றிச் சொல்லும் வழக்கத்தில், சித்திரக்கதையும் நம் ஆறுதல் மொழியும் உடன்பிறப்புகளாகி நிற்கின்றன. ஆறுதல் சொல்வது அறம். குற்றவாளிக்கு மறைவிடம் தரும் ஆறுதல் அறமாகாது.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. கை இழந்த ஒரு சிறுவன் மாயாவியின் கதையைப் படித்து, தன்னைப் போன்ற ஒருவன் கதாநாயகனாக நிற்பதைக் கண்டு தலை நிமிர்கிறானே, அதைப் பறிக்கலாமா என்பர். பறிக்கலாகாது. ஊனமுற்றவரைக் கேலிக்கும் இரக்கத்திற்கும் உரிய துணைப் பாத்திரமாகவே காட்டிவந்த காலத்தில், இரும்புக்கை ஒன்றைக் கதையின் நடுவில் நிறுத்தியது சிறு செயலன்று. அந்தப் பெருமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் அச்சிறுவன் தலை நிமிர வேண்டியது கை போனதால் கிடைத்த சக்தியினாலன்று. கை போன பின்னும் குறையாத மாண்பினால். அவனுக்கு இழப்பீடும் மருத்துவமும் படிப்பும் வேலையும் உரிமையாகக் கிடைக்க வேண்டும். சக்தி கிடைத்தவனுக்கு இழப்பீடு எதற்கு? இந்த வினாவைத்தான் தோற்றக் கதை நம் காதில் ஓசையின்றி ஓதுகிறது.

பழைய கதையின் நேர்மை

இத்தனையும் சொன்ன பின், மாயாவியின் கதைக்கு ஒரு நீதியும் செய்யவேண்டும். வலிமை கிடைத்தவுடன் கிராண்டேல் நல்லவனாகிவிடவில்லை. கண்ணுக்குத் தெரியாத மனிதன் முதலில் செய்தது கொள்ளை. அவன் திருந்திக் காவற்பணிக்கு வந்தது பின்னர்தான். 1965இல் பிறந்து லயன் காமிக்ஸ் வழியாக நமக்கு அறிமுகமான ஸ்பைடரும் குற்றவுலகின் அரசனாக வேண்டும் என்ற ஆசையோடு தொடங்கியவனே. 1897இல் எச். ஜி. வெல்ஸ் எழுதிய புதினத்திலும் கண்ணுக்குத் தெரியாதவன் கொடியவனாகிறான். இவர்கள் அனைவருக்கும் முன்னோடி, பிளேட்டோ தம் 'குடியரசு' நூலில் கூறும் கைகஸ் கதை. ஆடு மேய்த்தவனுக்கு ஒரு மோதிரம் கிடைக்கிறது. அதைத் திருகினால் பிறர் கண்ணில் படமாட்டான். அவன் அரசனைக் கொன்று நாட்டைக் கவர்கிறான். யாரும் பார்க்கவில்லையென்றால் நீ நியாயமாய் நடப்பாயா என்பதே பிளேட்டோ எழுப்பும் வினா.

வலிமை அறத்தைத் தருவதில்லை என்ற இந்தப் பழைய உண்மையைத் திருச்சபையும் தொடக்கத்திலேயே கண்டுகொண்டது. இரண்டாம் நூற்றாண்டில் தோமாவின் பெயரால் ஒரு குழந்தைப் பருவ நற்செய்தி உலவியது. அதில் சிறுவன் இயேசு களிமண் குருவிகளைப் பறக்கவிடுகிறார். தம்மீது மோதிய சிறுவனைச் சாகச் சபிக்கிறார். அற்புதத்திற்குக் குறைவில்லாத தோற்றக் கதை. ஆயினும் திருச்சபை அதைத் திருநூல் வரிசையில் சேர்க்கவில்லை. ஞானத்திலும் உடல் வளர்ச்சியிலும் மிகுந்து வந்தார் என்று லூக்கா அடக்கமாகச் சொன்னதையே ஏற்றுக்கொண்டது. வளர்ச்சிக்குக் காலம் வேண்டும், கீழ்ப்படிதல் வேண்டும், தச்சுப் பட்டறையில் உழைப்பும் வேண்டும். ஒரு நொடி வெடிப்பில் அது கிடைக்காது.

எனவே, வலிமை வந்ததும் தடுமாறும் மாயாவியை, வலிமை வந்த மறுநாளே உலகைக் காக்கப் புறப்படும் வீரர்களைவிட நேர்மையானவன் என்போம். ஆயினும் அவன் கதையும் ஆய்வுக்கூடத்தின் கதவைத் தட்டவில்லை. கிரிப்டன் கோளின் அழிவைப் பற்றிய பிற்கால மறுகூறல்கள் மட்டும் அந்தக் கதவருகே செல்கின்றன. 1938இல் வந்த முதற்கதையில் கிரிப்டன் முதுமையால் அழிகிறது. பின்வந்த கதைகளில், கோள் வெடிக்கப் போகிறது என்று சூப்பர்மேனின் தந்தை எச்சரிக்கிறார். ஆட்சிக்குழு நகைத்து ஒதுக்குகிறது. எச்சரிக்கை அறிக்கையைப் படிக்காத ஆட்சிக்குழு! நமக்கு இதைவிட அறிமுகமான பாத்திரம் வேறு உண்டா? ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. குழந்தையை ஏற்றிய விண்கலத்தோடு பறந்துவிடுகிறது.

நம் மண் சொன்ன விதம்

தோற்றக் கதை சொல்ல இந்த மண்ணுக்கும் தெரியும். நம் கிராமத்து எல்லைகளில் நிற்கும் தெய்வங்கள் பல, அநியாயமாக வெட்டுண்ட மனிதர்களின் நினைவுகள் என்பதை நாட்டார் வழக்காற்றை ஆய்ந்தோர் எடுத்துக்காட்டியுள்ளனர். மதுரை வீரன், முத்துப்பட்டன் போன்றோரின் கதைப்பாடல்களைக் கேட்டவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பர். அங்கும் இறந்தவன் வலிமை பெற்று எழுகிறான். ஆயினும் யார் வெட்டினார்கள், எந்தச் சாதித் திமிர் வெட்டியது, எந்த அரண்மனை ஆணையிட்டது என்பதைப் பாடகன் மறைப்பதில்லை. விடிய விடியப் பாடி, கொலையைச் சபை நடுவே வைக்கிறான். அவ்வழிபாட்டில் நமக்குள்ள வேறுபாடு இருக்கட்டும்; சாவுக்குப் பொறுப்பாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் அந்தத் துணிவை நாம் கற்கலாம்.

கற்க வெகுதூரம் செல்ல வேண்டியதுமில்லை. நம் விசுவாச அறிக்கையில் ஆண்டவரையும் அன்னை மரியாவையும் தவிர இன்னும் ஒரே ஒரு மனிதரின் பெயர்தான் இடம்பெறுகிறது: போஞ்சு பிலாத்து. உரோமை ஆட்சியின் ஒரு மாவட்ட அதிகாரி. மீட்பரின் பாடுகளைச் சொல்லும் இடத்தில், எவருடைய அதிகாரத்தின்கீழ் அது நடந்தது என்பதை பல நூற்றாண்டுகளாக ஞாயிறுதோறும் உரக்கச் சொல்லி வருகிறோம். சிலுவையை இறைத்திட்டம் என்று நம்பும் நாமே, தீர்ப்பெழுதிய அதிகாரியை விடுவித்துவிடவில்லை. உயிர்த்த ஆண்டவரின் உடலில் காயங்களும் மறையவில்லை. தோமா அவற்றைக் கண்டார். இப்படி ஓர் அறிக்கையை ஓதும் மக்கள், பட்டாசு ஆலைச் சாவை 'விதி' என்ற ஒரே சொல்லில் புதைக்கலாமா?

விருதுநகர் தந்த ஒரு மனிதரின் தோற்றக் கதையும் நமக்குண்டு. 1903இல் பிறந்த காமராசர் சிறு வயதில் தந்தையை இழந்தார். பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. 'வறுமைதான் அவரை உயர்த்தியது' என்று மேடைகள் இன்றும் பேசுகின்றன. அவர் அப்படி எண்ணியிருந்தால் மற்றப் பிள்ளைகளையும் அதே வறுமையில் விட்டிருப்பார். 1954 முதல் 1963 வரை முதலமைச்சராயிருந்த காலத்தில் அவர் செய்தது இதற்கு நேர்மாறானது: ஊர்தோறும் பள்ளி திறந்தார், பள்ளியில் மதிய உணவு தந்தார். தமக்கு நேர்ந்தது பிறருக்கு நேரக்கூடாது என்பதே தம் துன்பத்திலிருந்து அவர் கற்ற பாடம். தோற்றக் கதையை அதன் உரிமையாளரே திருத்தி எழுதிய அருமையான இடம் இது.

செய்ய வேண்டியவை

குறைகூறி நிறுத்துவது நம் நோக்கமன்று. மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம்.

பெற்றோரே, சித்திரக்கதையைப் பிள்ளையின் கையிலிருந்து பிடுங்காதீர்கள். அருகில் அமர்ந்து படியுங்கள். வீரன் பிறக்கும் பக்கத்தில் விரல் வைத்து, "இது ஏன் வெடித்தது? யார் தடுத்திருக்கலாம்?" என்று கேளுங்கள். இக்கேள்விக்குப் பழகிய பிள்ளை நாளை தன் வேலைத்தலத்திலும் அதைக் கேட்கும்.

பங்கு மக்களே, நம் ஊரில் ஒரு சாவு நிகழ்ந்தால் திருப்பலியோடும் மலர்வளையத்தோடும் கடமை முடிந்ததாகக் கருதாதீர்கள். அந்த அறைக்கு அனுமதிக்கப்பட்டோர் எத்தனை பேர், இருந்தோர் எத்தனை பேர், உரிமம் யார் பெயரில், வேலை நடத்தியவர் யார், இழப்பீடு கைக்கு வந்ததா என்பவற்றை எழுதி வையுங்கள். சட்டம் ஊமையன்று. எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10ஆம் நாள் உச்ச நீதிமன்றம், ஆபத்தான தொழிலில் குழந்தையை அமர்த்தியவர் ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றது. சிவகாசியின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய வழக்கு அது. பயன் நாடு முழுமைக்கும் ஆயிற்று. யாரோ ஒருவர் எழுதி வைத்ததனால்தான் அது வழக்காயிற்று.

மூன்றாவது வேண்டுகோள், இந்த மண்ணின் ஓவியர்க்கும் எழுத்தாளர்க்கும். அயல்நாட்டு மாயாவிகளை அரை நூற்றாண்டாக அழகுறத் தமிழ் பேசவைத்த ஊர் நமது ஊர். வெடிப்பில் பிறக்கும் வீரன் போதும். வெயில் ஏறிவிட்டது, இனி மருந்து கலக்கலாகாது என்று முதலாளியின் முகத்துக்கு நேரே சொல்லி வேலையை நிறுத்தும் போர்மேனை வரையுங்கள். மகளின் கையிலிருந்த திரிக்கட்டை வாங்கி வைத்துவிட்டுப் புத்தகப் பையைக் கொடுத்த தாயை வரையுங்கள். அவர்களுடைய கதையில் எதுவும் வெடிக்காது. மாலைச் சங்கு ஊத, போனவர்கள் அத்தனை பேரும் வீடு திரும்புவார்கள். விறுவிறுப்பில்லாத முடிவு என்று யாரேனும் சொன்னால், முதலிப்பட்டியிலும் அச்சங்குளத்திலும் வீட்டு வாசலில் காத்திருந்தவர்களைக் கேட்டுப் பார்க்கட்டும்.